அரியணை ஆடும்போதெல்லாம் ஒரு கனவு

கேள்வி இது: ரஷ்ய வரலாற்று நாவல்களிலும் நாடகங்களிலும் நடக்கப்போவதை முன்கூட்டியே காட்டும் கனவுகள் ஏன் இத்தனை வருகின்றன? ‘ஜார் சாகவில்லை, எங்கோ ஒளிந்திருக்கிறார்’, ‘அந்த வம்சத்துக்குச் சாபம் இருக்கிறது’ என்பது போன்ற கதைகளோடு இந்தக் கனவுகளுக்கு என்ன உறவு? இவற்றில் எது நிஜமாக மக்கள் நம்பியது, எது எழுத்தாளர் கட்டியது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவில் அரியணைக்கு உரியவர் யார் என்பது பலமுறை குழம்பிப் போயிருக்கிறது. வாரிசே இல்லாமல் போனது, வாரிசு கொல்லப்பட்டது, கணவனை இறக்கிவிட்டு மனைவி ஆண்டது, மகன் அதே மாளிகையில் இருக்கும்போது தகப்பன் கொலையானது என எல்லாமே நடந்திருக்கின்றன. அப்படிக் குழம்பிய ஒவ்வொரு இடத்திலும் இரண்டு குரல்கள் எழும். ஒன்று வம்சக் கதை. ‘இந்த ரத்தம் உண்மையானது, இந்த மகுடம் சேர வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது’ என்று அது சாதிக்கும். இன்னொன்று கனவு. அந்த மகுடத்துக்காக யார் என்ன விலை கொடுக்கப்போகிறார்கள் என்று அது காட்டும். ரஷ்யாவின் நல்ல வரலாற்றுப் புனைவுகள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோதவிடுகின்றன. கனவுப் பக்கங்களை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் அந்தப் புத்தகங்களில் பாதியை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

புஷ்கினின் ‘போரிஸ் கொதுனோவ்’ நாடகத்திலிருந்து தொடங்கலாம். 1825இல், அரசு அவரை மிகய்லோவ்ஸ்கொயே கிராமத்தில் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் எழுதி முடித்தது. பின்னணி கொஞ்சம் தெரிய வேண்டும். பயங்கர இவான் என்று பெயரெடுத்த நான்காம் இவான் 1584இல் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் ஃபியோதருக்குப் பிள்ளை இல்லை. இன்னொரு மகன் திமித்ரி, எட்டு வயதுச் சிறுவன், தாயோடு ஊக்லிச் நகரத்தில் இருந்தான். 1591 மே 15 அன்று கழுத்தில் கத்திக் காயத்தோடு இறந்தான். வசீலி சூய்ஸ்கி என்ற பிரபுவின் தலைமையில் விசாரிக்கப் போன குழு, பையனுக்கு வலிப்பு வந்தது, கையில் வைத்து விளையாடிய கத்தியே குத்திவிட்டது என்று எழுதிக் கொடுத்தது. 1598இல் ஃபியோதரும் போனதும் மாஸ்கோவை ஆண்ட ரூரிக் வம்சம் முடிந்தது. ஃபியோதரின் மைத்துனர் போரிஸ் கொதுனோவ் ஜார் ஆனார். சில வருஷங்களில் ‘நான்தான் திமித்ரி, அன்று தப்பிப் பிழைத்தேன்’ என்று ஒருவன் போலந்தில் தலைகாட்டினான்.

நாடகத்தில் அந்த ஒருவன், மாஸ்கோவின் சூதொவ் மடத்தில் இருக்கும் இளம் துறவி கிரிகோரி. நாம் அவனை முதன்முதலில் பார்ப்பதே அவன் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழும்போதுதான். அதே கனவு, மூன்றாவது தடவை. செங்குத்தான படிக்கட்டு ஒன்று அவனைக் கோபுரத்துக்குக் கூட்டிப் போகிறது. உச்சியிலிருந்து பார்த்தால் மாஸ்கோ எறும்புப் புற்றாகத் தெரிகிறது. கீழே சதுக்கத்தில் ஜனங்கள் கொதிக்கிறார்கள், அவனைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறார்கள். வெட்கமும் பயமும் சேர்ந்து வருகின்றன. தலைகீழாக விழுகிறான், விழிக்கிறான்.

இத்தனைக்கும் அவனுக்கு அப்போது எந்தத் திட்டமும் கிடையாது. மகுடத்தைப் பற்றிய நினைப்பே இன்னும் வரவில்லை. அதே அறையில் வரலாறு எழுதிக்கொண்டிருக்கும் கிழத் துறவி பீமென், ‘இளரத்தம் ஆடுகிறது, விரதமும் பிரார்த்தனையும் இரு’ என்று சமாதானம் சொல்லிவிட்டு, ஊக்லிச்சில் தான் கண்ணால் பார்த்த குழந்தையின் மரணத்தைச் சொல்கிறார். இருந்திருந்தால் இன்று உன் வயது இருக்கும், இப்போது ஆண்டுகொண்டிருப்பான் என்கிறார். வேலை அங்கே முடிந்தது. அதாவது வீழ்ச்சி முதலில் வந்துவிட்டது, ஆசை அதற்குப் பின்னால்தான் வருகிறது. முடிவை ஆரம்பத்திலேயே கனவில் பார்த்தவன், பார்த்த பிறகும் அந்தப் படிக்கட்டில் ஏறுகிறான். புஷ்கினின் காலத்து வாசகர்களுக்கு முடிவும் தெரியும். 1605 ஜூனில் மாஸ்கோவுக்குள் நுழைந்து முடிசூடிய பொய் திமித்ரி, ஒரு வருஷம்கூட முழுதாக ஆளவில்லை. 1606 மே 17 அன்று கலகக்காரர்கள் அரண்மனைக்குள் புகுந்தபோது ஜன்னல் வழியாகக் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டான். கொன்று, உடலைச் சதுக்கத்தில் போட்டு, அதன் மேல் முகமூடி ஒன்றை வைத்துக் கேலி செய்தார்கள். அப்புறம் எரித்துச் சாம்பலைப் பீரங்கியில் இட்டுச் சுட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. உயரம், சதுக்கம், சிரிப்பு, விழுதல் எல்லாம் கனவில் இருந்தபடியே.

இதே நாடகத்தில் இன்னொரு கனவு இருக்கிறது, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆழமானதாகப் படுகிறது. பொய் திமித்ரியின் படை நெருங்கிவிட்டது. ஜாரின் சபையில் என்ன செய்யலாம் என்று ஆலோசனை. திருச்சபைத் தலைவரான பத்ரியார்ச் எழுந்து ஒரு கதை சொல்கிறார். கண் தெரியாத ஒரு கிழ இடையன் தன்னிடம் வந்தானாம். கனவில் ஒரு குழந்தைக் குரல், ‘எழுந்து ஊக்லிச்சுக்குப் போ, என் சமாதியில் வேண்டிக்கொள், நான் இளவரசன் திமித்ரி, கடவுள் என்னைத் தேவதூதர்களோடு சேர்த்துக்கொண்டார்’ என்றதாம். போனான், பார்வை திரும்பிவிட்டதாம். ஆகவே அந்தப் புனித உடலை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்க வைத்தால் இந்த வேடதாரியின் பொய் உடைந்துவிடும் என்பது அந்த நல்ல மனிதரின் யோசனை.

சபை உறைந்து போகிறது, போரிஸ் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். ஏனென்றால் அந்தக் கனவு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. பையன் புனிதன் என்றால் அவன் செத்துவிட்டான், வந்திருப்பவன் பொய்யன். சரி. ஆனால் பையன் புனிதன் என்றால் அவனை யாரோ கொன்றிருக்கிறார்கள். யார் என்று சபையில் எல்லாருக்கும் ஒரு நினைப்பு உண்டு. எதிரியை வீழ்த்தும் கனவே அரியணையில் இருப்பவரையும் வீழ்த்தும். சூய்ஸ்கி சாமர்த்தியமாக எழுந்து, உடலைக் கொண்டுவர வேண்டாம், நானே ஜனங்களிடம் பேசிக்கொள்கிறேன் என்று ஜாரைக் காப்பாற்றுகிறார். நிஜ வரலாற்றில் இந்தச் சூய்ஸ்கியே 1606இல் ஜார் ஆனதும் சிறுவனின் உடலை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார், சிறுவன் புனிதன் என்று அறிவிக்கப்பட்டது. 1591இல் விபத்து என்று அறிக்கை கொடுத்தவரும் அவரேதான். நாடகத்தின் அந்த ஒரு காட்சிக்குள் புஷ்கின் இவ்வளவையும் மடித்து வைத்திருக்கிறார்.

‘மோனோமாக்கின் மகுடமே, நீ எவ்வளவு கனமாக இருக்கிறாய்’ என்று போரிஸ் புலம்பும் ஒரு வரி ரஷ்யர்கள் பேச்சில் பழமொழியாகவே ஆகிவிட்டது. அந்த மகுடத்தின் கதைதான் மாஸ்கோ வம்சக் கதைகளுக்கெல்லாம் அடித்தளம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ‘விளாதிமிர் இளவரசர்களின் கதை’ என்ற நூல் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, ரூரிக் என்ற முதல் அரசர் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உறவினனான புரூஸ் என்பவனின் வழியில் வந்தவர். இரண்டு, பைசாந்தியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மோனோமாக் தன் மகுடத்தைக் கீவ் இளவரசர் விளாதிமிர் மோனோமாக்குக்கு அனுப்பி வைத்தார்.

முதலாவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இரண்டாவது தேதிக் கணக்கிலேயே இடறுகிறது. கான்ஸ்டன்டைன் 1055இல் இறந்தார். விளாதிமிர் பிறந்தது 1053இல், கீவின் அரியணைக்கு வந்தது 1113இல். இரண்டு வயதுக் குழந்தைக்கு யாரும் பேரரசின் மகுடத்தை அனுப்பியிருக்க மாட்டார்கள். கிரெம்ளினில் இன்றும் இருக்கும் அந்தத் தங்கத் தொப்பி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிழக்கத்திய வேலைப்பாடு என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனாலும் 1547 ஜனவரி 16 அன்று நான்காம் இவான் அதைச் சூட்டிக்கொண்டுதான் ரஷ்யாவின் முதல் ஜாராக முடிசூடினார். அகஸ்டஸின் ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது என்று வெளிநாட்டு மன்னர்களுக்குக் கடிதமும் எழுதினார். போரிஸின் பிரச்சினை இதுதான். மகுடம் தலையில் இருக்கிறது, அதற்குரிய கதை அவருக்குச் சொந்தமில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு துறவி அந்தக் கதையைத் தன்னுடையது என்று சொன்னதும் ஜனங்கள் அவன் பக்கம் சாய்கிறார்கள்.

இதே காலத்தை அலெக்சேய் தல்ஸ்தோய் (‘போரும் வாழ்வும்’ எழுதிய லியோ தல்ஸ்தோய் வேறு, இவர் அவருக்குத் தூரத்து உறவு) 1860களில் மூன்று நாடகங்களாக எழுதினார். முதல் நாடகத்தில் மந்திரவாதிகள் போரிஸிடம் அவருடைய எதிரியைப் பற்றிச் சொல்லும் குறி ஒன்று வரும். பலவீனன் ஆனால் வலியவன், கொல்லப்பட்டவன் ஆனால் உயிரோடு இருப்பவன் என்று. நடந்ததை அறிந்த பிறகு இதைவிடத் துல்லியமாகப் பொய் திமித்ரியை வர்ணிக்க முடியாது. ஆனாலும் அந்த நாடகங்களில் குறி, ஆரூடம் எல்லாம் கொஞ்சம் கணக்குப் போட்டு வைத்ததுபோல் இருக்கும். புஷ்கினின் கனவில் இருக்கும் நடுக்கம் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது ‘கேப்டன் மகள்’, 1836. இந்த விஷயத்தில் ரஷ்ய மொழியில் வந்த மிகச் சிறந்த புத்தகம் இதுதான் என்று நினைக்கிறேன். பதினாறு வயது கிரினியோவ் ராணுவ வேலைக்குப் போகிறான். வழியில் பனிப்புயல், வண்டி திசை தெரியாமல் நிற்கிறது. எங்கிருந்தோ வந்த ஒரு நாடோடி வழிகாட்டுகிறான். வண்டி ஆட ஆட கிரினியோவ் கண்ணயர்கிறான். கனவில் தன் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்கிறான். அப்பா சாகக் கிடக்கிறார் என்கிறாள் அம்மா. உள்ளே போனால் படுக்கையில் அப்பா இல்லை, கறுப்புத் தாடி வைத்த ஒரு குடியானவன் சிரித்த கண்களோடு பார்க்கிறான். ‘இவர் உனக்குக் கல்யாணத்தில் தகப்பன் ஸ்தானத்தில் நிற்பவர், கையை முத்தமிட்டு ஆசி வாங்கிக்கொள்’ என்கிறாள் அம்மா. இவன் மறுக்கிறான். தாடிக்காரன் துள்ளி எழுந்து முதுகுப் பக்கமிருந்து கோடரியை உருவி வீசுகிறான். அறை முழுக்கப் பிணங்கள், இவன் கால் இடறுகிறது, ரத்தத்தில் வழுக்குகிறது. அந்தப் பயங்கரமானவன் அன்பாகக் கூப்பிடுகிறான்: ‘பயப்படாதே, வா, என்னிடம் ஆசி வாங்கிக்கொள்.’

வழிகாட்டிய நாடோடிதான் பிற்பாடு எமெல்யான் புகச்சோவ். அது கற்பனைப் பாத்திரம் இல்லை. 1773 முதல் சுமார் ஒரு வருஷம் வோல்கா, யூரல் பகுதிகளை நடுங்க வைத்த கசாக்கியன், அதாவது எல்லைப்புறத்துக் குதிரைவீரர் சமூகத்தைச் சேர்ந்தவன். ‘நான் ஜார் மூன்றாம் பீட்டர்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்பியவன். நிஜ மூன்றாம் பீட்டர் 1762இல் தன் மனைவி காத்தரீனால் பதவியிறக்கப்பட்டு, சில நாட்களில் காவலில் இருந்தபோதே இறந்துபோனார். மக்கள் அதை நம்பவில்லை. அவர் பெயரைச் சொல்லி எத்தனையோ பேர் கிளம்பினார்கள். ஒருவன் மோண்டினீக்ரோ வரைக்கும் போய் 1767 முதல் 1773 வரை அந்த நாட்டையே ஆண்டான் என்றால் பாருங்கள். உண்மையான ஜாரின் உடம்பில் பிறவியிலேயே ராஜ அடையாளங்கள் இருக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. நிஜப் புகச்சோவ் தன் உடம்பில் இருந்த தழும்புகளைக் கசாக்கியர்களிடம் ராஜ அடையாளம் என்று காட்டினான். நாவலில் அது இப்படி வருகிறது: குளியலறையில் அவன் நெஞ்சைக் காட்டினானாம், ஒரு பக்கம் ஐந்து கோபெக் காசு அளவில் இரட்டைத் தலைக் கழுகு, இன்னொரு பக்கம் அவன் உருவமே. இதையெல்லாம் புஷ்கின் சும்மா எழுதவில்லை. 1833இல் கசான், ஓரன்பர்க் என்று அந்த ஊர்களுக்கே போய், கலகத்தைக் கண்ணால் பார்த்த கிழவர்கள் கிழவிகளிடம் கேட்டு, முதலில் புகச்சோவ் வரலாற்றை 1834இல் வெளியிட்டார். நாவல் அதற்குப் பிறகுதான் வந்தது.

கனவு ஒவ்வொன்றாகப் பலிப்பதைக் கவனியுங்கள். கிரினியோவ் வேலை பார்க்கும் கோட்டை விழுகிறது. கேப்டனைத் தூக்கில் போடுகிறார்கள். கிரினியோவைப் புகச்சோவின் முன் மண்டியிட வைத்து, கையை முத்தமிடு என்கிறார்கள். இவன் மறுக்கிறான். கிழ வேலைக்காரன் சவேலிச் பின்னால் நின்று, முத்தமிட்டுத் தொலையுங்களேன் என்று கெஞ்சுகிறான். புகச்சோவ் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறான். பனிப்புயல் முடிந்த மறுநாள் கிரினியோவ் கொடுத்த முயல்தோல் மேலங்கியை அவன் மறக்கவில்லை. பின்னால் கேப்டனின் மகளும் கிரினியோவின் காதலியுமான மாஷாவை மீட்டுக் கொடுத்து, உன் கல்யாணத்தில் தகப்பன் ஸ்தானத்தில் நானே நிற்கிறேன் என்றும் சொல்கிறான். கனவில் அம்மா சொன்ன அதே உறவு.

அந்தக் கனவில் வம்சப் பிரச்சினை முழுக்க ஒரு குடும்பத்துக்குள் இறங்கி வந்திருக்கிறது. தகப்பன் படுக்கையில் வேறொருவன் கிடக்கிறான், தாய் அவனைத் தகப்பன் என்கிறாள். நாட்டில் நடப்பதும் அதுதான். ஜாரின் இடத்தில் ஒரு குடியானவன், மகாராணியோ கணவனிடமிருந்து அரியணையைப் பிடுங்கியவள். இரண்டு பேருக்குமே அந்த இடம் முழுமையாகச் சொந்தமில்லை. புஷ்கின் இதை வாய்விட்டு எழுதியிருந்தால் தணிக்கை விட்டிருக்காது. கனவில் சொன்னார்.

இன்னொரு நூலிழையும் இங்கே இருக்கிறது. பதினோராவது அத்தியாயத்தில் புகச்சோவ், கிரீஷ்கா ஒத்ரேப்பியெவ் மாஸ்கோவை ஆளவில்லையா என்று கேட்கிறான். அவன் முடிவு என்ன தெரியுமா, ஜன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள், வெட்டினார்கள், எரித்தார்கள், சாம்பலைப் பீரங்கியில் சுட்டார்கள் என்கிறான் கிரினியோவ். கிரீஷ்கா என்பது கிரிகோரி என்ற பெயரின் செல்லச் சுருக்கம். அதாவது நாடகத்தில் கோபுரத்திலிருந்து விழும் கனவு கண்ட அதே துறவி. ஒரு வேடதாரி இன்னொரு வேடதாரியைத் தன் முன்னோனாகச் சொல்கிறான். பொய்யர்களுக்கும் ஒரு வம்சாவளி உண்டாகிவிட்டது. புகச்சோவ் அதற்குப் பதிலாக ஒரு கல்மிக் கதை சொல்கிறான். அழுகல் தின்று முந்நூறு வருஷம் வாழும் காகத்தைவிட, ஒருமுறை சூடான ரத்தம் குடித்து வாழும் கழுகே மேல் என்று. தன் முடிவு அவனுக்குத் தெரியும். 1775 ஜனவரியில் மாஸ்கோவில் அவன் தலை வெட்டப்பட்டது. நாவலில், கூட்டத்தில் நிற்கும் கிரினியோவை அடையாளம் கண்டு தலையசைக்கிறான். ஒரு நிமிஷம் கழித்து அந்தத் தலையைத்தான் ஜனங்களுக்குத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

எழுத்தாளர் கட்டாத கனவுகளும் இருக்கின்றன. காத்தரீனின் மகன் முதலாம் பாவெல், 1796 நவம்பரில் தான் பட்டத்துக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பு, கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்தி தன்னை வானத்துக்குத் தூக்குவதாகத் திரும்பத் திரும்பக் கனவு கண்டதாகவும், அவர் மனைவியும் அதே கனவைக் கண்டதாகவும் ராஸ்தப்ச்சின் எழுதி வைத்திருக்கிறார். 1812இல் மாஸ்கோவின் ஆளுநராக இருந்து ‘போரும் வாழ்வும்’ நாவலுக்குள்ளும் வருகிறவர் அவர்தான். பாவெல் 1801 மார்ச் 11 இரவு, தான் கட்டிக் குடிபுகுந்து நாற்பது நாள் மட்டுமே ஆகியிருந்த மிகய்லோவ்ஸ்கி கோட்டையில், சதிகாரர்கள் கையில் செத்தார். மூத்த மகன் அலெக்சாந்தர் அப்போது அதே கோட்டையில் இருந்தார். கோட்டை முகப்பில் பொறித்திருந்த விவிலிய வாசகத்தில் 47 எழுத்துகள், பாவெலுக்கு அப்போது 47ஆவது வயது நடந்துகொண்டிருந்தது, ஆகவே அது ஆரூடம் என்று நகரம் பேசியது. இந்தப் பேச்சுகளை நாம் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாமே சம்பவம் முடிந்த பிறகு எழுதப்பட்டவை. ஆனால் மக்கள் இப்படி நினைத்துக்கொண்டார்கள் என்பது உண்மை, வரலாற்று நாவல் எழுதுகிறவனுக்கு அந்த உண்மை போதும்.

பாவெலின் கொலையை நாடகமாக எழுதிய மெரெஷ்கோவ்ஸ்கிதான் வம்ச சாபத்தை முழு வீச்சில் கையாண்டவர். அவருடைய ‘பீட்டரும் அலெக்சேயும்’ நாவல் 1905 வாக்கில் வந்தது. மகா பீட்டர் தன் சொந்த மகன் அலெக்சேய் மீது துரோகக் குற்றம் சாட்டி, சித்திரவதைக்கு உட்படுத்தி, மரண தண்டனையும் விதிக்க வைத்தார். 1718 ஜூனில் மகன் கோட்டைச் சிறையில் இறந்தான். நாவலில் மகன் தகப்பனைப் பார்த்துச் சபிக்கிறான். ரஷ்ய ஜார்களின் ரத்தத்தை முதலில் சிந்துவது நீதான், இந்த ரத்தம் தலைமுறை தலைமுறையாகக் கடைசி ஜார் வரைக்கும் இறங்கும், நம் குலம் முழுக்க ரத்தத்தில் அழியும் என்கிறான். அதை எழுதும்போது கடைசி ஜார் இரண்டாம் நிக்கொலாய் ஆண்டுகொண்டிருந்தார். 1904இல் அவருக்குப் பிறந்த ஆண் வாரிசின் பெயரும் அலெக்சேய்தான். 1918 ஜூலை 16-17 இரவில் யெக்கத்தெரின்பர்க் நகரத்தின் இப்பாத்தியெவ் வீட்டில் அந்தக் குடும்பம் முழுவதும் சுடப்பட்டது. ரமானவ் வம்சத்தின் முதல் ஜார் மிகயீல் 1613இல் அரியணையை ஏற்றுக்கொண்ட இடம் கொஸ்த்ரமா அருகிலுள்ள இப்பாத்தியெவ் மடம். இந்தப் பெயர் ஒற்றுமையை எந்த நாவலாசிரியர் கட்டியிருந்தாலும் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

ரமானவ்கள் மீதான சாபக் கதைகளில் இன்னும் பழையது, பொய் திமித்ரியின் மனைவி மரீனா ம்னீஷெக் பெயரில் வழங்குவது. இரண்டாவது பொய் திமித்ரிக்கு அவள் பெற்ற மகனை, மூன்று வயதுக் குழந்தையை, 1614இல் மாஸ்கோவில் தூக்கிலிட்டார்கள். ‘உங்கள் குலத்தில் யாரும் நல்ல சாவு சாக மாட்டீர்கள்’ என்று அவள் சபித்தாள் என்பது கதை. அவள் சபித்தாளோ இல்லையோ, குழந்தையைத் தூக்கிலிட்டது நடந்த விஷயம். ஊக்லிச்சில் ஒரு சிறுவனின் சாவோடு குழப்பம் தொடங்கியது. இன்னொரு சிறுவனின் சாவோடு புது வம்சம் தொடங்கியது. சாபக் கதைகள் பிறப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

லியோ தல்ஸ்தோயிடம் வந்தால் விஷயம் வேறு மாதிரி ஆகிறது. அவருக்கு அரச வம்சத்தின் மேல் மரியாதை கிடையாது. ஆனாலும் ஒரு வம்சக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. பாவெலின் மகன் முதலாம் அலெக்சாந்தர் 1825 நவம்பர் 19 அன்று தகன்ரோக்கில் இறந்தார். 1836இல் ஃபியோதர் குஸ்மிச் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட, எந்த ஊர் என்று சொல்ல மறுத்த ஒரு கிழவர் பெர்ம் பகுதியில் பிடிபட்டார். சவுக்கடி கொடுத்து சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். 1864இல் தோம்ஸ்க்கில் அவர் இறப்பதற்குள், அவர்தான் அலெக்சாந்தர், தகப்பன் கொலைக்குப் பிராயச்சித்தமாக அரியணையை விட்டுப் போனவர் என்ற பேச்சு நாடெங்கும் பரவிவிட்டது. 1905இல் தல்ஸ்தோய் அந்தக் கிழவரின் குறிப்புகள் என்ற வடிவில் ஒரு கதையைத் தொடங்கி, முடிக்காமல் விட்டார். ராணுவ வரிசைகளுக்கு நடுவே அடிபட்டுச் சாகும் ஒரு சிப்பாயைப் பார்க்கும் அலெக்சாந்தர், அவன் முகத்தில் தன் முகத்தைக் காண்கிறார். அந்தச் சிப்பாயின் உடலைத் தன் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு பேரும் ஒருவரல்ல என்று அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிராண்ட் டியூக் ஆராய்ந்து எழுதியபோது, அது நிரூபணமானாலும் அந்தக் கதையின் அழகும் உண்மையும் அப்படியே இருக்கும் என்ற பொருளில் தல்ஸ்தோய் அவருக்குப் பதில் எழுதினார். மற்ற வம்சக் கதைகள் எல்லாம் ஒருவனை அரியணையில் ஏற்றுகின்றன. இது ஒன்றுதான் இறக்கிவிடுகிறது. தல்ஸ்தோயை ஈர்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

‘போரும் வாழ்வும்’ நாவலில் கனவுகள் பல. இளவரசர் ஆந்த்ரேயின் கதவுக் கனவைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். வரலாற்றைப் பொறுத்தவரை முக்கியமானது முடிவுரையின் முதல் பகுதி முடியும் இடத்தில் வரும் சிறுவன் நிக்கோலென்காவின் கனவு. காலம் 1820 டிசம்பர். அன்று மாலை பியேர் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்து, அரசு கெட்டுக் கிடக்கிறது, நல்லவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்கிறார். நிக்கொலாய் ரஸ்தோவ் கோபத்தோடு, ஜாரின் வலக்கையாக இருந்த அரக்ச்சேயெவ் உத்தரவு போட்டால் படையோடு வந்து உங்களையே வெட்டுவேன் என்கிறார். ஆந்த்ரேயின் மகனான பதினைந்து வயதுப் பையன் மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்கிறான். பதற்றத்தில் மாமாவின் மேஜையில் இருந்த அரக்குக் குச்சிகளையும் இறகுப் பேனாக்களையும் ஒடித்துவிடுகிறான்.

இரவு கனவு. அவனும் பியேரும் புளூட்டார்க் புத்தகப் படங்களில் இருப்பது போன்ற தலைக்கவசங்கள் போட்டுக்கொண்டு பெரிய சேனைக்கு முன்னால் போகிறார்கள். சேனை முழுக்க வெண்மையான சாய்ந்த இழைகள், இலையுதிர்காலத்தில் காற்றில் மிதக்கும் சிலந்தி நூல்களைப் போல. முன்னால் புகழ் தெரிகிறது, அதுவும் இழைதான், கொஞ்சம் தடித்தது. திடீரென்று இழைகள் தளர்ந்து சிக்குகின்றன. மாமா நிக்கொலாய் குறுக்கே நிற்கிறார், ஒடிந்த பேனாக்களைக் காட்டி ‘இது நீங்கள் செய்ததா?’ என்கிறார். ‘உங்கள் மேல் எனக்கு அன்பு உண்டு, ஆனால் அரக்ச்சேயெவ் சொல்லிவிட்டார், முன்னால் அடியெடுத்து வைக்கும் முதல் ஆளைக் கொல்வேன்.’

பையன் கண்ட கனவில் அன்று மாலை அவன் கேட்காதது ஒன்றுமே இல்லை. அரக்கும் பேனாவும்கூட அவன் கை ஒடித்தவை. தூக்கத்தில் மனசு எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தவர் எழுதியது. ஆனால் வாசகருக்கு இன்னொன்று தெரியும். ஐந்து வருஷம் கழித்து, 1825 டிசம்பர் 14 அன்று, இந்தக் கனவு செனட் சதுக்கத்தில் நடக்கப்போகிறது. அலெக்சாந்தர் இறந்தபின் பட்டத்துக்கு வர வேண்டிய தம்பி கான்ஸ்தந்தீன் ஏற்கெனவே ரகசியமாக உரிமையை விட்டுக்கொடுத்திருந்தார். அது வெளியே தெரியாததால் அடுத்த ஜார் யார் என்ற குழப்பத்தில் நாட்கள் ஓடின. அந்த இடைவெளியில்தான் அதிகாரிகள் கிளர்ந்து படைகளைச் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். புது ஜார் நிக்கொலாய் பீரங்கி வைத்துக் கலைத்தார். ஐந்து பேர் தூக்கிலிடப்பட்டார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கனவில் குறுக்கே நிற்கும் மாமாவின் பெயரும் நிக்கொலாய். தல்ஸ்தோய் அதற்காக வைத்த பெயர் அது என்று சொல்ல மாட்டேன், அவருடைய சொந்தத் தகப்பனார் பெயர் நிக்கொலாய் இலியீச், பாத்திரத்துக்கு அப்படியே போய்ச் சேர்ந்தது. என்றாலும் ரஷ்ய வாசகரின் காது அதைக் கேட்காமல் இருக்காது. புஷ்கின் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முக்கியமானது. கிரினியோவின் கனவு அந்த நாவலுக்குள்ளேயே பலித்துவிடுகிறது. நிக்கோலென்காவின் கனவு பலிப்பதற்குள் நாவல் முடிந்துவிடுகிறது. மிச்சத்தை நாட்டின் வரலாறு எழுதுகிறது.

இந்த மரபு எங்கிருந்து வந்தது என்றால், ‘ஈகோர் படையெடுப்பின் கதை’ வரைக்கும் போகலாம். 1185இல் தோற்ற ஒரு படையெடுப்பைப் பற்றிய பழைய காவியம், 1800இல் அச்சானது, மூலச்சுவடி 1812 மாஸ்கோ தீயில் எரிந்துபோனது. அதில் கீவின் மகா இளவரசர் ஸ்வியாத்தஸ்லாவ் கனவு காண்கிறார். தன்மேல் கறுப்புத் துணி போர்த்துகிறார்கள், துயரம் கலந்த மதுவை ஊற்றுகிறார்கள், நெஞ்சில் முத்துகளைக் கொட்டுகிறார்கள், பொன்வேய்ந்த மாளிகைக் கூரையில் முகட்டு உத்தரம் காணாமல் போயிருக்கிறது. பிரபுக்கள் வந்து ஈகோர் தோற்றதைச் சொல்லி விளக்குகிறார்கள். அங்கே கனவு காண்பவர் அரசரே. பிற்கால நாவல்களில் கனவு மடத்துத் துறவிக்கும், பதினாறு வயதுச் சிப்பாய்க்கும், மேஜை ஓரத்துச் சிறுவனுக்கும் இறங்கி வந்துவிட்டது. அரசியலின் விலையைக் கட்டப்போகிறவர்கள் அவர்கள்தானே.

கடைசியாகப் புல்காகவின் ‘வெள்ளைக் காவலர்’. 1918 டிசம்பர், கீவ் நகரம். ஜார் குடும்பம் கொல்லப்பட்டு ஐந்து மாதம் ஆகிறது. டர்பின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் குடித்துக்கொண்டிருக்கும் அதிகாரிகளிடம் ஷெர்வின்ஸ்கி என்பவன், ஜார் சாகவில்லை என்கிறான். பெர்லினில் கெய்சரின் அரண்மனையில் திரை விலகியதும் நம் ஜார் வெளியே வந்தாராம். அலெக்சேய் டர்பின் முகம் சுளித்து, இது கட்டுக்கதை, ஏற்கெனவே கேட்டிருக்கிறேன் என்கிறான். ஆனால் கொஞ்ச நேரத்தில், இறந்திருந்தாலும் வாழ்க பேரரசர் என்று கோப்பையைத் தூக்குபவனும் அவன்தான். திமித்ரி, மூன்றாம் பீட்டர், அலெக்சாந்தர் என்று முந்நூறு வருஷமாக வந்த அதே கதை, கடைசியாக ஒரு சாப்பாட்டு அறையில் வந்து நிற்கிறது.

அதற்குப் பிறகு டர்பினுக்குக் கனவு வருகிறது. சொர்க்கம். 1916இல் போரில் செத்த ஷீலின் என்ற படைவீரன் அங்கே நடப்பதைச் சொல்கிறான். சிவப்பு நட்சத்திரம் வைத்த பெரிய கட்டடங்கள் அங்கே தயாராக இருக்கின்றனவாம், பெரெக்கோப்பில் சாகப்போகும் போல்ஷெவிக்குகளுக்காக. அவர்கள் உங்களை நம்பாதவர்கள் ஆயிற்றே என்று இவன் கடவுளிடம் கேட்டானாம். நம்பினாலும் நம்பாவிட்டாலும் எனக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, போர்க்களத்தில் செத்த நீங்கள் எல்லாரும் எனக்கு ஒன்றுதான் என்றாராம் கடவுள். பெரெக்கோப் சண்டை நடந்தது 1920இல். கனவு 1918இல். வம்சக் கதை ஒரு பக்கத்தை மட்டும் தேற்றுகிறது. கனவு இரண்டு பக்கத்துப் பிணங்களையும் எண்ணுகிறது. 1920களின் நடுவில், சோவியத் நாட்டில், போல்ஷெவிக்குகளை எதிர்த்துப் போரிட்ட வெள்ளைப்படையில் மருத்துவராக இருந்த ஒருவர் இதை எழுதினார்.

ஆக, எது நிஜம் என்ற கேள்விக்கு: மோனோமாக் மகுடம், தப்பிய திமித்ரி, ராஜ அடையாளங்கள், ஃபியோதர் குஸ்மிச், உயிரோடு இருக்கும் ஜார் ஆகிய கதைகளை மக்கள் நிஜமாகச் சொன்னார்கள், நம்பினார்கள். அவற்றில் சொல்லப்பட்டது பெரும்பாலும் நடக்கவில்லை. கிரினியோவ், நிக்கோலென்கா, டர்பின் கண்ட கனவுகளை எழுத்தாளர்கள் கட்டினார்கள். அவற்றில் காட்டப்பட்டது நடந்தது, ஏனென்றால் எழுதும்போதே அவர்களுக்கு முடிவு தெரியும். மெரெஷ்கோவ்ஸ்கியின் சாபம் ஒன்றுதான் முடிவு தெரியாமலே எழுதப்பட்டது.

படிக்கத் தொடங்குகிறவர்கள் ‘கேப்டன் மகள்’ நாவலிலிருந்து தொடங்குங்கள், சிறிய புத்தகம், இரண்டே மாலைகளில் முடிந்துவிடும். அந்தச் சூட்டோடு ‘போரிஸ் கொதுனோவ்’ நாடகத்தில் மடத்து அறைக் காட்சியையும் பத்ரியார்ச் பேசும் சபைக் காட்சியையும் படியுங்கள். ‘போரும் வாழ்வும்’ ஏற்கெனவே படித்தவர்கள் பலர் முடிவுரையை அவசரமாகப் புரட்டியிருப்பார்கள். 1820 டிசம்பர் மாலையில் தொடங்கும் அந்தப் பக்கங்களுக்கு மட்டும் திரும்பிப் போனாலும் போதும்.